யார் சொன்னால் அணி, யார் சொன்னால் மிகை?

1

ஒரு கல்லூரிக் கருத்தரங்கு. காலை அமர்வில் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் கலிங்கத்துப்பரணி பற்றி ஒரு மணி நேரம் பேசினார். களத்தில் ரத்தம் ஆறாக ஓடியதையும், பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் காய்ச்சியதையும் கண்கள் விரியச் சொன்னார். மாணவர்கள் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன். எம்.ஏ. படிக்கும்போது எனக்கும் பிடித்த பாடம் அது.

பிற்பகல் அமர்வு என்னுடையது. கீழத்தஞ்சையில் பண்ணையாளாக வாழ்ந்த, எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் சொல்ல நான் எழுதிய வாக்குமூலத்தை வாசித்தேன். வேலைக்குப் பிந்தி வந்ததற்காகத் தன் அப்பாவை மரத்தில் கட்டிச் சவுக்கால் அடித்ததும், மாட்டுச் சாணியைத் தண்ணியில கரைச்சு வாயில ஊத்தியதும் அதில் வருகிறது. சாணிப்பால் என்று அதற்குப் பெயர். 1940களில் பி. சீனிவாசராவ் தலைமையில் செங்கொடிச் சங்கம் எழுந்து போராடிய பிறகே இந்தக் கொடுமைக்கு முடிவு வந்தது. சாணித் தண்ணிக்குப் 'பால்' என்று பெயர் வைத்தான் பாருங்கள் ஒருவன், அவனல்லவா அணி தெரிந்த கவிஞன்!

வாசித்து முடித்ததும் பேராசிரியர் எழுந்தார். "நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஆனா கொஞ்சம் மிகையா இருக்கு. அதக் குறைச்சா இலக்கியமா வரும்" என்றார்.

காலையில் ஒரு களம் நிறையப் பிணத்தை விழுங்கி ஏப்பம் விட்ட வாய்க்கு, மத்தியானம் ஒரு குவளைச் சாணித் தண்ணி தொண்டையில் சிக்கிக்கொண்டது. இந்தக் கட்டுரை அந்தச் சிக்கலைப் பற்றியது. அவர் நல்ல மனுசன்தான். தனிமனிதர் மேல் எனக்குக் கோபமில்லை. எதை அணி என்று ரசிப்பது, எதை மிகை என்று தள்ளுவது என்று அவருக்கும் எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த படிப்பின் மேல்தான் கேள்வி.

2

ஒரு பொருளை உள்ளதற்கு மேல் உயர்த்திச் சொல்வதை உயர்வு நவிற்சி அணி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். தண்டியலங்காரம் இதை அதிசய அணி என்கிறது. வடமொழித் தண்டியின் காவியாதர்சத்தைத் தழுவி எழுந்த நூல் அது. அதன் இலக்கணத்தைப் பேச்சுத்தமிழில் பிரித்தால் மூன்று நிபந்தனைகள் கிடைக்கும். கவிஞன் தன் மனசுக்குப் பிடித்த பொருளின் அழகை உவந்து சொல்ல வேண்டும். சொல்வது உலக வரம்பைத் தாண்டிவிடக் கூடாது. கேட்கிற ஆன்றோர் வியக்க வேண்டும்.

மூன்று நிபந்தனைக்கும் மூன்று கேள்வி இருக்கிறது. எது அழகான பொருள்? எவருடைய உலகத்தின் வரம்பு? அந்த ஆன்றோர் யார்? தொல்காப்பியரும் உவமையை உயர்ந்த பொருளின் மேல் ஏற்றித்தான் சொல்லச் சொல்கிறார். உயர்ந்தது எது, தாழ்ந்தது எது என்று ஊரே பிரிந்து கிடக்கிற நாட்டில் இலக்கணம் மட்டும் ஊருக்கு வெளியே உட்கார்ந்து எழுதப்பட்டதா என்ன? ஊருக்கு வெளியே உட்காரவைக்கப்பட்டவர்கள் இலக்கணம் எழுதவில்லை. அவர்கள் ஆன்றோர் பட்டியலில் இல்லை.

கலிங்கத்துப்பரணியையே எடுத்துக்கொள்வோம். முதலாம் குலோத்துங்கனின் படை கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்தை அழித்ததைச் செயங்கொண்டார் பாடினார். போரில் ஆயிரம் யானை கொன்றவன்மேல் பாடுவது பரணி என்று பாட்டியல் நூல்கள் சொல்கின்றன. அதாவது மிகை என்பது இந்த இலக்கிய வகையின் நுழைவுக்கட்டணம். ஆயிரம் யானையை எண்ணிப் பார்த்தது யார் என்று எந்த விமர்சகரும் கேட்டதில்லை.

அந்த நூலில் எனக்கு இன்றைக்கும் பிடித்த இடம் பேய்கள் வரும் இடம்தான். ஆனால் இப்போது வேறு மாதிரி வாசிக்கிறேன். அந்தப் பேய்களுக்கு ஓயாத பசி. உடம்பில் எலும்பும் நரம்பும்தான் மிச்சம். ராசா போருக்குப் போனால்தான் அதுகளுக்குக் கூழ். செத்த வீரர்களின் பல்லை அரிசியாக்கிக் குத்துகின்றன. குத்தும்போது வள்ளைப்பாட்டுப் பாடுகின்றன. அந்தப் பாட்டிலும் குலோத்துங்கன் புகழ்தான்.

நெல்லுக் குத்தியது எங்கள் பெண்கள். கூழ் எங்கள் சாப்பாடு. பசி எங்கள் சொத்து. அடுத்தவன் களத்தில் விளைந்ததை எதிர்பார்த்துக் காத்திருந்தது நாங்கள். இத்தனையும் பேய்க்கு ஏற்றப்பட்டு அரசவையில் சிரிப்பாகவும் வியப்பாகவும் பரிமாறப்பட்டிருக்கிறது. செயங்கொண்டார் சேரியை மனசில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் பசியை இவ்வளவு ஊதிப் பெருக்கி எழுதத் தெரிந்த ஒரு மரபு, அந்தப் பசியை மனுசப்பசியாக எழுதும்போது மட்டும் ஏன் 'மிகை' என்று நெளிகிறது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

3

இன்னொரு வகை மிகை இருக்கிறது. அது நம்மைப் புகழ்ந்துகொண்டே நம் உழைப்பைக் களவாடும். நந்தன் கதையைச் சொல்கிறேன்.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் ஆதனூர் நந்தனுக்கு ஆண்டை என்று ஒருவர் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடியபோதுதான் வேதியர் ஆண்டை கதைக்குள் வருகிறார். சிதம்பரம் போக உத்தரவு கேட்ட நந்தனிடம், நாற்பது வேலி நிலத்தையும் பயிர்வேலை முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரே ராத்திரியில் சிவனின் பூதகணங்கள் வந்து நாற்பது வேலியையும் விளையவைத்துவிடுகின்றன.

ஆண்டையைக் கொண்டுவந்து நிறுத்தியதில் பாரதியாருக்கு ஒரு நேர்மை இருக்கிறது. தஞ்சைப் பண்ணைகளைக் கண்ணால் பார்த்தவர் அவர். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வேலி சுமார் ஆறே முக்கால் ஏக்கர். நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். உழவு, பரம்பு, நாற்றங்கால், நடவு, களை, அறுப்பு, கட்டடி. எத்தனை நூறு ஆளும் பெண்ணாளும் எத்தனை மாசம் குனிந்து நிமிர வேண்டும்! காவிரிப் படுகையில் அது ஒவ்வொரு வருசமும் நடந்தது. அதிசயம் என்றால் அதுதான் அதிசயம். கதையிலோ அந்த அதிசயம் பூதகணத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. பள்ளும் பறையும் சேற்றில் நின்று செய்த வேலையைச் சாமி ராத்திரியில் வந்து செய்துவிட்டுப் போனார். பகலில் செய்தவனுக்குக் கூலி? அந்தக் கேள்வி பாட்டில் இல்லை.

கடைசியில் நந்தன் தில்லையில் தீக்குள் இறங்கிப் பூணூல் போட்ட முனிவனாக எழுந்து வருகிறான். கேட்டவர்கள் உருகினார்கள். 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்துப் படமாக வந்தபோதும் உருகினார்கள். தீக்குள் போன பறையன் உயிரோடு வந்தான் என்பதை நம்புவதற்கு யாருக்கும் ஒரு தடையும் இருக்கவில்லை.

4

அதே காவிரிப் படுகையில், 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் இன்னொரு தீ. கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டுச் செங்கொடி பிடித்தவர்களின் சேரி அது. அடிக்குப் பயந்து பெண்களும் பிள்ளைகளும் கிழடுகளும் ஒரு குடிசைக்குள் புகுந்தார்கள். வெளியே பூட்டித் தீ வைத்தார்கள். 44 பேர். இதில் ஒருவரும் முனிவராக எழுந்து வரவில்லை.

1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் நிலக்கிழார்கள் சிலருக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் வசதியான மிராசுதாரர்கள், நிறைய நிலம் உள்ளவர்கள், கார் கூட வைத்திருக்கிறவர், இவர்கள் ஆளை ஏவாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்புப் பேசியது.

தண்டியின் இரண்டாவது நிபந்தனையை இப்போது நினைத்துப் பாருங்கள். சொல்வது உலக வரம்பைத் தாண்டக் கூடாது. கார் வைத்திருப்பவர் நடக்க மாட்டார், கனவான் தீ வைக்க மாட்டார் என்பது நீதிமன்றம் அறிந்த உலகத்தின் வரம்பு. சேரியின் சாட்சி அந்த வரம்பைத் தாண்டியது. ஆகவே அது மிகை. நான் இதைச் சிலேடைக்காகச் சொல்லவில்லை. அணியிலக்கணமும் சாட்சியச் சட்டமும் ஒரே இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. 'ஆன்றோர்' நம்பத் தகுந்ததே உண்மை. மற்றதெல்லாம் கூட்டிச் சொன்னது.

இலக்கியம் என்ன செய்தது? இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் 1975இல் வந்தது, 1977இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. அந்த நாவல் நிலக்கிழாரின் வன்மத்துக்குக் காரணத்தை அவருடைய ஆண்மைக்குறைவில் தேடியது. ஒரு தனிமனிதனின் குறையை ஊதிப் பெருக்கினால், நூற்றுக்கணக்கான வருசத்துச் சாதியும் நிலவுடைமையும் அந்த அளவுக்குச் சுருங்கிப்போகும். ஒன்றை மிகையாக்குவது எப்போதும் இன்னொன்றைச் சிறிதாக்குவதற்குத்தான் என்பதற்கு இது நல்ல பாடம்.

வெண்மணி பழைய கதை என்று சொல்வோருக்கு: 2002இல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் தலித்துகளின் வாயில் மலம் திணிக்கப்பட்டது. இதை எந்தக் கவிஞன் கற்பனை செய்து எழுதியிருந்தாலும் 'ரொம்ப ஓவர்' என்று தள்ளியிருப்போம். நம்முடைய யதார்த்தம் நம்முடைய உயர்வு நவிற்சியை எப்போதோ முந்திக்கொண்டு போய்விட்டது.

5

அப்படியானால் எங்கள் சனங்களுக்கு மிகை தெரியாதா? தெரியாமலா!

எங்க அப்பாயி ஒப்பாரிக்குப் பேர் போனவ. மிராசு வீட்டில் சாவு விழுந்தால் ஆள் வந்துவிடும். பறையடிக்க ஆம்பளைங்க, மாரடிக்கப் பொம்பளைங்க. வாசலுக்கு வெளியே தெருவில் நின்றுதான் அழ வேண்டும். ஒருமுறை, கூலி அளப்பதில் ஊரறிந்த கஞ்சனாக இருந்த ஒரு பெரிய பண்ணை செத்துப்போனார். அப்பாயி அன்றைக்கு அவரை யானைமேல் ஏற்றினாள், தங்கத்தில் மாளிகை கட்டினாள், அள்ளிக்கொடுத்துச் சிவந்த கை என்று பாடினாள். ஊரே மூக்கைச் சிந்தியது. கூலி ஒரு மரக்கால் நெல்லும் வெத்தலை பாக்கும்.

திரும்பி வரும்போது வரப்பில் வைத்து அதே அப்பாயி சொன்னாள்: "அவன் மரக்காலுக்குள்ள சிட்டுக்குருவி முட்ட வச்சா, குஞ்சு பொரிக்க எடம் பத்தாதுடி." கூட வந்த பெண்கள் வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். இதுவும் உயர்வு நவிற்சிதான். எந்தத் தண்டியும் உதாரணம் காட்டாத உயர்வு நவிற்சி.

ரெண்டு வருசம் கழித்து எங்க சித்தப்பா வயலில் பாம்பு கடித்துச் செத்தார். அப்பாயி ஒப்பாரி வைக்கவே இல்லை. "கஞ்சி குடிக்காமப் போயிட்டானே" என்று இதையே சொல்லிச் சொல்லி உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நாள் கழித்து நான் கேட்டேன்: "அந்தப் பண்ணைக்கு அத்தன பாட்டுப் பாடுனியே அப்பாயி, சித்தப்பாவுக்கு ஏன் பாடல?"

"அது கூலிக்கு அழுதது. அதுல எதவேணா சொல்லலாம். இது நம்ம புள்ள. இல்லாதத சொன்னா அவன் எங்க போயி நிப்பான்?"

மிகை பற்றி நான் படித்த எந்த இலக்கண நூலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. மிகை என்பது சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையில் ஓர் உடன்பாடு. பண்ணை வீட்டில் அது கூலி உடன்பாடு. நெல் கொடுத்தவனுக்கும் அழுதவளுக்கும் அது பொய் என்று தெரியும். வரப்பில் அது கலக உடன்பாடு. சிரித்த எல்லாருக்கும் அந்த மரக்காலின் உண்மையான அளவு தெரியும். ஆனால் சாட்சி சொல்லும் இடத்தில் அந்த உடன்பாடு கிடையாது. அங்கே ஒரு சொல் கூடினாலும் செத்தவன் நிற்க இடமில்லாமல் போகிறான்.

6

இதை நான் புத்திசாலித்தனத்தால் கற்றுக்கொள்ளவில்லை. தப்புச் செய்துதான் கற்றேன்.

சில வருசங்களுக்கு முன் ஒரு சேரியைக் கொளுத்தினார்கள். உண்மையறியும் குழுவாக ஐந்து பேர் போனோம். 17 வீடு எரிந்திருந்தது. கருகிய தகரம், வெடித்த பானை, பாதி எரிந்த பள்ளிச் சான்றிதழ். அன்று ராத்திரி துண்டறிக்கை எழுதும் வேலை என்னுடையது. 'சேரியே சாம்பலானது, நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன' என்று எழுதினேன். வேண்டுமென்று பொய் சொல்ல நினைக்கவில்லை. கோபத்தில் கை தானாக எழுதியது. 17 என்று போட்டால் எவன் திரும்பிப் பார்ப்பான் என்ற எண்ணமும் இருந்தது.

நிவாரண விசாரணைக்கு வந்த அதிகாரி எங்கள் துண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கம்மா நூறு வீடு, காட்டுங்க" என்றார். நூறு இல்லை. உடனே பதினேழும் சந்தேகத்துக்குள்ளானது. "நீங்களே கூட்டிச் சொல்றவங்கதானே" என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு சாமானுக்கும் கேள்வி கேட்டார்கள். பீரோ இருந்தது என்றால் நம்பவில்லை. தோடு இருந்தது என்றால் நம்பவில்லை. பல பேருக்கு நிவாரணம் குறைந்தது, சில பேருக்கு இழுத்தடித்தது.

வீடு எரிந்த ஓர் அக்கா என்னைத் திட்டவில்லை. கேட்டது ஒரே கேள்வி: "ஏன் தங்கச்சி நூறுன்னு எழுதுன? பதினேழு போதாதா?"

இன்றுவரை அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. கருத்தரங்கில் அந்தப் பேராசிரியர் செய்ததையும் நீதிமன்றம் செய்ததையும் நானும்தான் செய்திருக்கிறேன். 17 குடும்பத்தின் கேட்டை, உள்ளது உள்ளபடி சொன்னால் மதிப்பில்லாதது என்று நானே முடிவுகட்டியிருக்கிறேன். நம்பாதவனுடைய காதுக்கு ஏற்ற மாதிரி என் வாயை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

வாச்சாத்தியை நினைத்துக்கொள்கிறேன். 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டத்தில் அந்த மலைவாழ் மக்கள்மேல் நடந்த கொடுமையை முதலில் அரசு தரப்பு மறுக்கத்தான் செய்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் 18 பேர் என்றால் 18 பேர் என்றே நின்றார்கள், அசையவில்லை. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துபோக, மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பு வந்தது. 2023இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்தப் பெண்கள் ஓர் ஆளைக் கூட்டிச் சொல்லியிருந்தால் 269 பேருக்கும் அது ஒரு சன்னலாகியிருக்கும்.

7

இந்த விசயத்தில் நமக்கு வாத்தியார் அம்பேத்கர்தான். விசாவுக்காகக் காத்திருத்தல் என்ற பொருளில் தலைப்பிட்ட அவருடைய சிறிய தன்வரலாற்றுக் குறிப்பைத் தோழர்கள் திரும்ப வாசிக்க வேண்டும். 1901இல், சின்னப் பையனாக, அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குப் போன பயணம் அதில் வருகிறது. தீண்டாதார் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டை வாடகைக்கு ஒருவன் ஒத்துக்கொள்கிறான். அதுவும் பையன்களே மாட்டை ஓட்ட வேண்டும், அவன் கூட நடந்து வருவான். கையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணி இல்லை. ராத்திரி முழுக்கத் தண்ணி இல்லை.

இவ்வளவுதான் சொல்கிறார். ரத்த ஆறு இல்லை, எரிமலை இல்லை. வாடகை எவ்வளவு, யார் என்ன சொன்னார்கள், தண்ணி கிடைத்ததா இல்லையா. வாசித்துவிட்டு நமக்குத் தொண்டை காய்கிறது. அணி எதுவும் அங்கே வேலை செய்யவில்லை. சொல்கிறவனின் வார்த்தை மேல் ஓர் அணுவும் சந்தேகப்பட முடியாமல் போவதுதான் வேலை செய்கிறது.

இதை வைத்துக்கொண்டு நம் எழுத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. 1992இல் பாமாவின் கருக்கு வந்தபோது இது இலக்கியமா என்று கேட்டவர்களோடு நாம் சண்டை போட்டோம், சரியாகவே போட்டோம். ஆனால் அந்த நூலின் பலம் அதன் அன்றாடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு வந்த நம் கவிதைகளில் எத்தனை தீ, எத்தனை வாள், எத்தனை குருதி! எல்லா வரியும் கொதித்தால் எந்த வரியும் சுடாது. சுவரொட்டியில் நம் தலைவர்களுக்கு நாம் சூட்டும் பட்டங்களைப் பாருங்கள். செயங்கொண்டார் பிச்சை வாங்க வேண்டும். 'நாங்களும் ஆண்ட பரம்பரை' என்று நம்மிலேயே சிலர் கிளம்பியிருப்பது இதிலெல்லாம் மோசமானது. அது அப்பாயி பண்ணை வீட்டு வாசலில் கூலிக்குப் பாடிய பாட்டு. கூலிகூட வாங்காமல் நாம் ஏன் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து பாட வேண்டும்?

மிகையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அப்பாயியின் சிட்டுக்குருவியையும் சேர்த்துக் கொன்றதாகும். நம் பெண்களின் வசவு, நக்கல், கிசும்பு, கூத்துக் கட்டியங்காரனின் வாய் எல்லாமே மிகையில் பிழைக்கிறவை. ஆண்டையை ஊதிப் பெருக்கிக் காட்டி அவனை உடைக்கிறவை. அவை நம் இலக்கணம். அதை எழுதிச் சேர்க்க வேண்டிய வேலை தமிழ் படித்த நமக்கு நிறைய இருக்கிறது. இன்னும் எந்த அணிநூலிலும் அதற்கு ஒரு நூற்பா இல்லை.

ஆனால் சாவை எழுதும்போது, அடியை எழுதும்போது, எரிந்த வீட்டை எழுதும்போது எண்ணி எழுதுவோம். யாராவது எழுந்து 'கொஞ்சம் மிகையா இருக்கு' என்று சொன்னால், எங்கே மிகை, எந்த வரியில் என்று நின்று கேட்கிற தைரியம் அப்போதுதான் நமக்கு வரும். கருத்தரங்கில் அன்றைக்கு நான் கேட்கவில்லை. பெரியவர் சொன்னதில் ஒரு சொல்லும் கூட்டாமல்தான் எழுதியிருந்தேன். ஆனாலும் வாய் வரவில்லை. நூறு என்று ஒருமுறை எழுதிய கை அது.

அந்தச் சேரி பற்றிய அறிக்கையை இப்போது திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வீடு போய், என்னென்ன இருந்தது என்று கேட்டு, ஒவ்வொன்றாக. 17 வீடு.